சேம்பர்லின் வாங்கிய அவகாசம்

அன்புள்ள ஐயா,

செக் நாட்டின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் ஒப்பந்தம் பற்றிய குறிப்பில், அதில் கையெழுத்திட்ட பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினை ஏமாளி என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். 1938இல் பிரிட்டன் போருக்குத் தயாராகவே இல்லை. அவர் ஓராண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்ததால்தான் அந்த நாடு 1940இல் தப்பித்தது என்று படித்திருக்கிறேன். பழியெல்லாம் அவருக்கு, புகழெல்லாம் சர்ச்சிலுக்கு என்பது நியாயமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. 1938 செப்டம்பரில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் அப்போதுதான் படைக்கு வரத் தொடங்கியிருந்தன. கரையோர ரேடார் நிலையங்களும் சிலவே. ஜெர்மன் விமானங்கள் தாக்க வந்த 1940 கோடையில் இவ்விரண்டும் இல்லாமல் லண்டன் என்ன பாடுபட்டிருக்கும்! நிதியமைச்சராக இருந்தபோதே விமானப்படைக்குப் பணம் ஒதுக்கியவர் சேம்பர்லின் என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவகாசம் கிடைத்தது வேறு, அவகாசம் வாங்கவென்றே போனது வேறு. 69 வயதில் விமானமேறி ஜெர்மனியின் பெர்ஷ்டெஸ்காடனில் ஹிட்லரைப் பார்த்துவிட்டு வந்தவர், தங்கை ஐடாவுக்குக் கடிதம் எழுதுகிறார்: முகத்தில் கடுமை தெரிந்தது, ஆனாலும் வாக்குக் கொடுத்தால் நம்பலாம் என்று தோன்றியது. சும்மா நாள் கடத்தப் போன ஆள் வீட்டுக்கு இப்படியா எழுதுவார்?

மியூனிக்கிலிருந்து திரும்பி லண்டனின் ஹெஸ்டன் விமான நிலையத்தில் அவர் ஆட்டிக் காட்டிய தாளை மியூனிக் ஒப்பந்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. செப்டம்பர் 30 காலை ஹிட்லரின் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கையெழுத்து வாங்கிய தாள் அது; இரு நாடுகளும் இனி போரிட விரும்பவில்லை என்று சொல்வது. வாசகம்கூட இவர் கொண்டுபோனதுதான். அப்புறம், அவகாசம்தான் நோக்கம் என்றால் மறுநாளே கட்டாய ராணுவச் சேவைக்கு ஏற்பாடு நடந்திருக்க வேண்டாமா? அந்த அறிவிப்பு 1939 ஏப்ரலில்தான் வந்தது, ஹிட்லர் செக் தலைநகர் ப்ராகுக்குள் நுழைந்து ஆறு வாரம் கழித்து.

கடிகாரம் ஹிட்லருக்கும் சேர்த்துத்தான் ஓடியது. சுடேட்டன் மலைகளில் செக் நாட்டினர் கட்டிய எல்லைக் கோட்டைகள் ஒரு குண்டுகூடச் சுடாமல் கைமாறின. 1939 மார்ச்சில் செக் நாட்டின் ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் போயிற்று. 1940 மே மாதம் பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மன் தளபதி ரோமலின் 7ஆவது பான்சர் (டாங்கிப் படை) டிவிஷனில் கணிசமான டாங்கிகள் செக் நாட்டில் செய்தவை. தயார் நிலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதே இல்லை.

சர்ச்சில் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1940 நவம்பர் 9 அன்று சேம்பர்லின் புற்றுநோயில் இறந்தார். மூன்றாம் நாள் நாடாளுமன்றத்தில், அவர் மனசாட்சிப்படி நடந்தவர் என்று சர்ச்சிலே அஞ்சலி செலுத்தினார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. சமாதானம் வந்ததென்று தெருவில் கூடி ஆர்ப்பரித்த ஜனங்களையும் விட்டுவிட்டு இவரை மட்டும் ஏசுவது நியாயமில்லைதான்.

ஆனால் என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. மியூனிக்கில் பேச்சு நடந்த அறைக்குள் செக் பிரதிநிதிகளை விடவில்லை. அவர்களான மஸ்தினியும் மசாரிக்கும் ஓட்டலில் காத்துக் கிடந்தார்கள். நள்ளிரவு தாண்டிக் கூப்பிட்டு, உங்கள் எல்லை இனி இதுதான் என்று தாளைக் கொடுத்தார்கள். எதிரே பிரிட்டிஷ் பிரதமர் மறைக்கக்கூட முயலாமல் தொடர்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று மசாரிக் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார்.