பட்டன் அகலமும் எழுத்து அகலமும்: இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: எழுத்து எண்ணிக்கைய எட்டால பெருக்கி பட்டன் அகலம் வைக்கிறேன். இங்கிலீஷ்ல ஓடுது, தமிழ் போட்டா சிலது காலியா கிடக்கு, சிலதுல எழுத்து வெளிய தொங்குது. ஏன் சார்?

பதில்: இங்கிலீஷ்லயும் ஓடல, நீங்க கவனிக்கல, அவ்ளோதான். ஐயும் டபிள்யூவும் ஒரே அகலமா என்ன? "சேமி"க்கு ஜாவாஸ்கிரிப்ட்ல லெங்த் கேட்டா 4னு சொல்லும், கண்ணுக்கு ரெண்டே எழுத்து, ஏன்னா இரட்டைக் கொம்பும் மேல்விலங்கும் தனித்தனியா எண்ணப்படுது. பிரவுசர்ல வரையறதுக்கான கேன்வாஸோட மெஷர்டெக்ஸ்ட்ல, அதாவது எழுத்தோட அகலத்த அளந்து சொல்ற ஃபங்ஷன்ல, முழு வார்த்தையையும் மொத்தமா குடுங்க, ஃபான்டும் சைஸும் பட்டன்ல இருக்கறதேதானான்னு பாத்துக்கங்க. ஒவ்வொண்ணா அளந்து கூட்டுறேன்னு கிளம்பிடாதீங்க, கொம்ப தனியா குடுத்தா பக்கத்துல புள்ளி வட்டம் ஒண்ணு வந்து நிக்கும்ல, அந்த வட்டத்தோட அகலமும் கணக்குல ஏறிடும்.

கேள்வி: மெஷர்டெக்ஸ்ட்தான் யூஸ் பண்றேன். முதல் தடவ பேஜ் திறக்கறப்ப மட்டும் அகலம் தப்பு, ரெஃப்ரெஷ் பண்ணா சரியாயிடுது.

பதில்: வெப்ஃபான்ட், அதாவது நெட்ல இருந்து இறங்கற ஃபான்ட், வந்து சேர்றதுக்குள்ள அளந்துட்டீங்க, அதான் மாத்து ஃபான்டோட அகலம் வந்திருக்கு, ரெண்டாவது தடவ கேஷ்ல இருந்து வர்றதால தப்பிச்சுக்குது. ஃபான்ட் எல்லாம் வந்தாச்சுன்னு பிரவுசர் சொல்ற ஃபான்ட்ஸ் ரெடி ப்ராமிஸுக்கு அப்புறம் அளங்க. ஒரு ப்ராஜெக்ட்ல இதுக்கே ரெண்டு நாள் முழிச்சேன், என் மெஷின்ல அந்த ஃபான்ட் ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருந்துச்சு, எனக்கு மட்டும் பக் வரவே இல்ல!

கேள்வி: ஆஃப்செட்விட்த் சொல்ற அகலத்தையே திருப்பி வச்சாலும் கடைசி வார்த்தை கீழ இறங்குது.

பதில்: அது முழு எண்ணா ரவுண்ட் பண்ணும். நிஜம் 83.4, உங்களுக்கு 83, அந்த 0.4 பிக்சல்தான் வார்த்தைய தள்ளி விடுது. தசமத்தோட அகலம் தர்ற கெட்பவுண்டிங்க்ளையன்ட்ரெக்ட்ல எடுத்து மேல்நோக்கி ரவுண்ட் பண்ணுங்க. ஆனா பாப்அப் சின்னதுல இருந்து பெருசாகற அனிமேஷன் ஓடறப்ப அளந்தா இது சுருங்கின அளவத்தான் தரும், முடியட்டும்.

கேள்வி: பேனல இழுத்து சுருக்கறப்ப ஃபைல் பேர நடுவுல வெட்டி மூணு புள்ளி வைக்கணும். இழுக்கறப்ப திக்குது, சில பேர்ல மெய்யெழுத்து மேல இருக்கற புள்ளி வேற காணாம போகுது.

பதில்: வால்ல வெட்டினா போதும்னா மூணு புள்ளிய தானாவே வைக்கற சிஎஸ்எஸ் எலிப்ஸிஸே போதும், அளக்கவே வேணாம், முடிஞ்சவரைக்கும் நான் அதுக்குத்தான் ஓட்டு போடுவேன். நடுவுலதான் வேணும்னா ஜாவாஸ்கிரிப்டோட இன்டல் செக்மென்டர்ல முழு முழு எழுத்தா பிரிச்சுட்டு வெட்டுங்க, இல்லாட்டி "க்" நடுவுல கத்தி விழுந்து "க" ஆயிடும். எத்தன எழுத்து நிக்கும்னு ஒண்ணொண்ணா குறைச்சுப் பாக்காம பாதி பாதியா தேடுங்க, 64 எழுத்துப் பேருக்கு ஏழு தடவ அளந்தாலே ஆச்சு. திக்கறதுக்குக் காரணம் ஒரு வரிய அளந்து, மாத்தி, அடுத்தத அளந்துன்னு போறது, ஒவ்வொரு தடவையும் எது எங்க நிக்கணும்ங்கற லேஅவுட் கணக்க பிரவுசர் புதுசா போடுது பாவம். எல்லாத்தையும் மொதல்ல அளந்துட்டு அப்புறம் மொத்தமா மாத்துங்க.

கேள்வி: ஆண்ட்ராய்டுல ஒரு யூசருக்கு மட்டும் பட்டன் எழுத்து பாதி தெரியுது.

பதில்: செட்டிங்ஸ்ல எழுத்த பெருசாக்கி வச்சிருப்பார், ஆண்ட்ராய்டு 14ல 200 சதவீதம் வரைக்கும் ஏத்தலாம். அகலத்த பூட்டாதீங்க, உள்ள இருக்கற எழுத்துக்கு ஏத்த அகலம் எடுத்துக்கற ராப்கன்டென்ட் போட்டு மினிமம்விட்த் மட்டும் வைங்க.