நெடி தெரியாவிட்டால் ஆபத்து இல்லையா?

கேள்வி: எங்கள் பட்டறையில் தின்னரும் பசையும் நாள் முழுவதும் புழங்குகின்றன. காலையில் தாங்க முடியாத நெடி, அரை மணி நேரத்தில் தெரியாமலே போய்விடுகிறது. துணி முகக்கவசம் தந்திருக்கிறார்கள். இது போதுமா?

பதில்: போதாது. துணி வழியே ஆவி தடையின்றி நுழையும். நெடி மறைவதும் காற்று தூய்மையானதால் அன்று, மூக்கு பழகிப்போவதால்தான். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ வாசனையே கிடையாது.

முதலில் தின்னரின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள கரைப்பான்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றை அளக்க வேண்டும். சுவரில் மாட்டிய கருவியைவிட, தொழிலாளியின் இடுப்பில் சிறு பம்பும் சட்டைக் காலரில் கரித்தூள் அடைத்த குழாயும் பொருத்தி, அவர் உண்மையில் சுவாசிக்கும் காற்றைச் சேகரித்து ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்வதே நம்பத்தக்கது. ஏனெனில், பசை வாளியின் மேல் குனிந்திருப்பவரின் மூக்கருகே உள்ள செறிவு சுவரோரத்தில் பதிவாகாது. எட்டு மணி நேரச் சராசரியுடன், வாளி கழுவுவது போன்ற வேலைகளின் 15 நிமிட உச்சத்தையும் தனியே அளக்கச் சொல்லுங்கள். வேலை குறைந்த நாளில் எடுத்த அளவு யாருக்கும் பயன்படாது.

முடிவை எந்த வரம்போடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். தின்னர்களில் பரவலாகக் கலக்கப்படும் கரைப்பானான டொலுவினுக்கு அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் எட்டு மணி நேரச் சராசரியாக 200 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. அந்நாட்டுத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பின் பரிந்துரையோ 20 பிபிஎம். சட்டத்துக்கு உட்பட்டது என்பதாலேயே ஒன்று உடலுக்கு உகந்ததாகிவிடாது.

குறைப்பதற்கு, நீர் சார்ந்த பசைக்கு மாற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், வாளிக்கு மூடி போட்டு, நனைந்த துணிகளை மூடிய தொட்டியில் இட்டு, ஆவி எழும் இடத்திலேயே உறிஞ்சுகுழாய் வையுங்கள். குழாய் வாயின் விட்டம் அளவு தள்ளிப்போனாலே இழுவேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். தலைக்கு மேலே வைத்தாலோ ஆவி முகத்தைக் கடந்துதான் மேலேறும். இவற்றுக்குப் பிறகும் தேவைப்பட்டால் மட்டுமே, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் கரி வடிகட்டிக் கவசம். தாடி இருந்தால் அது சரியாகப் பொருந்தாது. நெடி வரும்வரை காத்திராமல், கால அட்டவணைப்படி வடிகட்டியை மாற்ற வேண்டும்.

கேள்வி: காற்றை அளப்பதற்குப் பதிலாகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் என்ன?

பதில்: தோல் வழியே நுழைந்ததையும் சேர்த்துக் காட்டும் என்பதால் அது நல்ல துணை. ஆனால், ஏற்கெனவே உடலுக்குள் சென்றதைத்தான் அது சொல்லும். எந்த வேலையில், எந்த மேசையில் சென்றது என்று சொல்லாது. டொலுவினுக்கு என்றால், பணி முடியும் நேரத்தில் மாதிரி கொடுங்கள்.