வயலுக்குள் கரைந்து வரும் சுரங்க மண்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் உள்ளது. பக்கத்தில் சிமெண்ட் ஆலை ஒன்றின் சுண்ணாம்புக்கல் மைன்ஸ். தோண்டிய கழிவு மண்ணை எங்கள் வரப்பை ஒட்டியே மேடாகக் கொட்டியிருக்கிறார்கள். 2022 ஐப்பசி முதல் ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து வயலில் இறங்குகிறது, பருத்தி முளைப்பதில்லை. மேட்டின் அடியும் வரப்பைத் தாண்டிவிட்டது. கேட்டால், "மைன்ஸ் மூடும்போது மரம் நடுவோம்" என்கிறார்கள். இப்போது ஒரு தொகை தருகிறோம், முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். முதலில் அந்தத் தாளின் நகலை வாங்கிப் படியுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், அடுத்த மழைக்கு வரும் மண்ணுக்கும் சேர்த்து நீங்கள் கைகழுவியதாக வாதிடுவார்கள். ஒரு பருவத்தின் நஷ்டத்துக்கு மட்டும், பருவத்தைக் குறிப்பிட்டு ரசீது தருவது வேறு விஷயம்.

மூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது சட்டப்படி நிற்காத பேச்சு. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம், அதற்கு 2017ஆம் ஆண்டின் கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகள் பொருந்தும். கழிவு மண் மேட்டிலிருந்து கெடுதல் செய்யும் அளவுக்கு மண் வெளியேறாமலும், வெள்ளம் ஏற்படாமலும் அதைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும். முடிந்தவரை கழிவு மண்ணைத் தோண்டிய குழியிலேயே திரும்ப நிரப்ப வேண்டும். முடியாத இடத்தில் மேட்டைப் படிக்கட்டு போல அமைத்து, செடி கொடி வளர்த்து நிலைப்படுத்த வேண்டும். இந்தச் சீரமைப்பு வேலை சுரங்கம் நடக்கும்போதே கட்டம் கட்டமாக நடந்து, சுரங்கப் பணி முடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாகச் சேர்த்து வைப்பதும் கட்டாயம். உங்கள் பக்கத்து மேட்டில் கரிசலும் அடிமண்ணும் கலந்து கிடந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். நல்ல சாட்சி அது. அப்படிக் கலந்துபோன மேல்மண்ணை எந்தப் பணமும் திரும்பக் கொண்டுவராது.

இதற்காகவே நிறுவனம் வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கும். பெரிய சுரங்கங்களுக்கு, பயன்பாட்டில் உள்ள நிலத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் என்று 2021இல் உயர்த்தினார்கள். அது அரசிடம் இருக்கும் பிணை, உங்களுக்கான நஷ்டஈடு அல்ல. ஆனாலும் சீரமைப்பு நடக்கவில்லை என்று, சுரங்க விதிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கு நீங்கள் எழுதும் புகாருக்கு அது பலம் தரும். 2020 ஜனவரி 8 அன்று, காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பு தொடர்ந்த வழக்கில், சுரங்கப் பணி முடிந்ததும் பாதிக்கப்பட்ட பிற நிலங்களையும் சேர்த்துப் புல் வளரும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் அதில் குறிப்பிடுங்கள்.

சரி, நஷ்டஈட்டுக்கு வருவோம். சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் மனு போடலாம். பயிர் நஷ்டம், நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, சுற்றுச்சூழலை மீட்பது மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். ஆனால் கெடு 5 ஆண்டு. அதுவும் பாதிப்பு முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்கு 2027 ஐப்பசி. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும், அதை நம்பி இருக்க வேண்டாம். கேட்கும் தொகையில் 1 சதவீதம் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.

மேடு வரப்பைத் தாண்டியது தனிப் பிரச்சினை. நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி, சர்வேயரை வைத்து புலப்படத்தின்படி அளக்கச் சொல்லுங்கள். அளவு உங்கள் பக்கம் வந்தால், மண்ணை அகற்ற உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை (இதைச் செய்தே ஆக வேண்டும் என்ற உத்தரவு) கேட்கலாம்.

அடுத்த மழைக்கு முன் செய்ய வேண்டியது: வயலில் மண் எத்தனை அங்குலம் படிந்திருக்கிறது என்பதை அளவுகோல் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். அடங்கலில் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். வேளாண் அலுவலரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அப்புறம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தைத் தேடுங்கள். மேட்டைச் சுற்றி வடிகால், தடுப்புச் சுவர், வண்டல் படியும் குட்டை என்ற நிபந்தனைகள் பெரும்பாலும் அதில் இருக்கும். நிறுவனம் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டிய அரையாண்டு அறிக்கையில் அதெல்லாம் கட்டியாயிற்று என்று எழுதியிருந்து, உங்கள் வரப்போரம் வடிகாலே இல்லை என்றால், அந்த அறிக்கையையும் உங்கள் வரப்போரத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.