கிளப் மாறிய ஃபுட்டி வீரரின் முதல் சீசனை எப்படி மதிப்பிடுவது? கேள்வி பதில்

ஆஸ்திரேலிய ஃபுட்டியின் முதன்மை லீகான ஏ.எஃப்.எல்.-இல், கிளப்புகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் டிரேட் காலத்தில் கிளப் மாறும் வீரர்களை முதல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே ‘லாபம்’, ‘நஷ்டம்’ என்று முத்திரை குத்துவது சரிதானா என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவர்களுடைய கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

கேள்வி: ஐயா, முதல் சீசனை எதை வைத்து அளப்பது? கொடுத்த விலையை வைத்தா, ஆட்ட எண்களை வைத்தா?

இரண்டுக்கும் முன்பாக, அவரை எந்த வேலைக்காக அழைத்து வந்தார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். விலை என்பது வீரர் தம் ஆட்டத்தால் தீர்மானித்தது அன்று. அந்த ஆண்டுச் சம்பள உச்சவரம்பில் எந்தக் கிளப்பிடம் இடம் மிச்சமிருந்தது, எத்தனை கிளப்புகள் போட்டியிட்டன, பழைய கிளப் எவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பவை சேர்ந்து முடிவு செய்தது. எண்களோ, அவர் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார் என்பதைச் சொல்லாமல் தனியாக நின்றால் நம்மை ஏமாற்றிவிடும். வேலை இன்னதென்று தெரிந்த பிறகு, அதைச் செய்ய உடல் இடம் கொடுத்ததா, பயிற்சியாளர் இடம் கொடுத்தாரா என்று பார்த்தால் பாதித் தெளிவு வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் 2023-இல் மெல்பர்ன் கிளப்பில் பிராடி கிரண்டி தோற்றது யாருடைய தவறு?

நீங்கள் ‘தோற்றது’ என்று எழுதியதையே நான் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன். காலிங்வுட்டில் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பெற்ற ரக்மேன் அவர். நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எதிரணி ரக்மேனோடு எம்பி, அதைத் தம் அணியின் மிட்ஃபீல்டர் கைக்குத் தட்டிவிடுவதும், பந்து கீழே விழுந்த பிறகு நான்காவது மிட்ஃபீல்டர்போல் தாமே ஓடி அதைப் பொறுக்கி எடுப்பதும் அவருடைய பலம். மெல்பர்னிலோ அதே வேலையில் மேக்ஸ் கான் என்ற கேப்டன், லீகின் மிகச் சிறந்த ரக்மேன்களில் ஒருவர், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் மாறி மாறி ரக்கிலும் முன்வரிசையிலும் ஆடலாம் என்பது திட்டம். முன்வரிசை ஆட்டக்காரருக்குப் பந்து எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகித்து ஓடத் தெரிய வேண்டும். கிரண்டி தம் ஆட்டக்காலம் முழுவதும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடிப் பழகியவர். சீசனின் பிற்பகுதியில் அவர் அடுத்த நிலை லீகான வி.எஃப்.எல். ஆட்டங்களுக்கு அனுப்பப்பட்டார், இறுதிச் சுற்று ஆட்டங்களிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

மறு ஆண்டு சிட்னி ஸ்வான்ஸ் அவரை முதன்மை ரக்மேனாக நிறுத்தியது. அந்த அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்து, 2024 கிராண்ட் ஃபைனல் வரை சென்றது. ஆள் அதே ஆள்தான். வயதுகூட ஒன்று கூடியிருந்தது. ஆகவே 2023-ஐ நான் மெல்பர்ன் நிர்வாகத்தின் கணக்கில்தான் எழுதுவேன்.

கேள்வி: காயத்தால் பாதி ஆட்டங்களைத் தவறவிட்டவரை எப்படி மதிப்பிடுவது?

மொத்தத்தைப் பார்க்காமல் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஜெரமி கேமரன் ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸிலிருந்து ஜீலாங் வந்தபோது அவருக்காக அந்தக் கிளப் புதிய இளைஞர்களை எடுக்க உரிமை தரும் டிராஃப்ட் தேர்வுகளில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்திருந்தது. 2021-இல் ஹாம்ஸ்ட்ரிங் தசைக் காயம் அவரைத் திரும்பத் திரும்ப வெளியே உட்கார வைத்தது. 15 ஆட்டங்கள், 39 கோல்கள். மூன்று தேர்வுகளைக் கொட்டிக் கொடுத்து இதற்குத்தானா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அது ஆட்டத்துக்கு 2.6 கோல். 2022-இல் அவர் 65 கோல் அடித்து, ஜீலாங் சாம்பியன் பட்டமான பிரீமியர்ஷிப்பையும் வென்றபோது ‘கேமரன் மாறிவிட்டார்’ என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆட்டத்துக்கு விழுந்த கோல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. வாரம் தவறாமல் களத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. புதிய கிளப்பில் காயம் என்பது ஆட்டங்களை மட்டும் பறிப்பதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடக்கும் பயிற்சிக் காலத்தில்தான் புதியவர் மற்றவர்களின் ஓட்டத்தையும் உதைகளின் போக்கையும் கற்றுக்கொள்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து தனியாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. அப்படிப்பட்டவர்களின் முதல் இரண்டு மாத ஆட்டத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: ‘பட்டி’ எனப்படும் லான்ஸ் ஃபிராங்க்ளினுக்குச் சிட்னி ஒன்பது ஆண்டு, ஒரு கோடி டாலர் என்றபோது எல்லோரும் சிரித்தார்களே?

சிரித்தவர்களுக்கு ஆரம்பத்தில் தீனியும் கிடைத்தது. 2014-இன் முதல் ஆட்டத்திலேயே சிட்னி, ஜயன்ட்ஸிடம் தோற்றது. முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்விகள். அதன் பிறகு அந்த அணி தொடர்ந்து 12 ஆட்டங்களை வென்றது. லான்ஸ் ஃபிராங்க்ளின் இறுதிச் சுற்றுகளையும் சேர்த்து 79 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கத்தையும் பெற்றார். கிராண்ட் ஃபைனலில் அவருடைய பழைய கிளப்பான ஹாதர்ன், சிட்னியை 63 புள்ளிகளில் நசுக்கியது. அந்த ஆட்டத்திலும் அவர் நான்கு கோல் அடித்தார்.

சிட்னியில் ஆடிய காலத்தில் அவர் 2014, 2016, 2022 என மூன்று கிராண்ட் ஃபைனல்களில் ஆடி மூன்றிலும் தோற்றார். ஒப்பந்தம் முழுவதையும் மதிப்பிடும்போது அதை வைத்து வாதிடலாம். முதல் சீசனைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: டாம் மிட்செல் 2017-இல் 787 டிஸ்போசல் எடுத்தார், ஹாதர்னோ 12-ஆம் இடத்துக்குச் சரிந்தது. வெற்று எண்கள்தானே?

உதைத்தோ, முஷ்டியால் தட்டியோ பந்தை அனுப்பிய தடவைகளைத்தான் டிஸ்போசல் என்று எண்ணுகிறோம். அனுப்பிய பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அந்த எண்ணில் இல்லை என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. ஆனால் டாம் மிட்செல்லை அழைத்து வந்த அதே டிரேட் காலத்தில் ஹாதர்ன், நடுக்களத்தின் இரண்டு தூண்களான சாம் மிட்செல்லையும் ஜோர்டன் லூயிஸையும் வெளியே அனுப்பியிருந்தது. முந்தைய ஆண்டு மூன்றாம் இடத்தில் முடித்த அணி சரிந்ததற்கு அந்தக் காலியிடமும் ஒரு காரணம். அந்த இடத்தை நிரப்ப வந்தவர் மட்டுமே அதற்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். அணி தோற்றதால் இவர் தோற்றார் என்பதும், அணி வென்றதால் இவர் வென்றார் என்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

கேள்வி: லாக்கி நீல் வந்ததும் பிரிஸ்பேன் எழுந்ததே, அதையும் மறுப்பீர்களா?

மறுக்கமாட்டேன், பங்கு பிரிப்பேன். 2018-இல் ஐந்தே வெற்றிகளோடு 15-ஆம் இடத்தில் இருந்த பிரிஸ்பேன் லயன்ஸ், ஃப்ரீமான்டிலிலிருந்து நீல் வந்த 2019-இல் 16 வெற்றிகளோடு இரண்டாம் இடத்தில் முடித்தது. அவர் கிளப்பின் சிறந்த வீரர் விருதையும் ஆல்-ஆஸ்திரேலியன் இடத்தையும் பெற்றார். அதே சமயம், அவரோடு சேர்ந்து வந்த ஜேரட் லயன்ஸும் லிங்கன் மெக்கார்த்தியும், அடிலெய்டிலிருந்து ஓராண்டு முன்பே வந்து பழகிவிட்ட சார்லி கேமரனும், வளர்ந்துகொண்டிருந்த இளைஞர்களும் அங்கே இருந்தார்கள். நீலுக்குரிய தனிப் புகழ், நெரிசலுக்குள்ளிருந்து பந்தை வெளியே கொண்டுவரும் கிளியரன்ஸ்களில் இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் அவரை வாங்கினார்கள். அதை முதல் நாளிலிருந்தே செய்தார்.

கேள்வி: முதல் சீசனிலேயே கைவிடப்பட வேண்டியவர் என்று நாம் நினைத்து, பிறகு மாறியவர் உண்டா?

டாம் பாய்டைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் தன் கேப்டன் ரயன் கிரிஃபெனையும் ஆறாம் டிராஃப்ட் தேர்வையும் கொடுத்து, ஜயன்ட்ஸில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த இளைஞரை அழைத்து வந்தது. 2015 அவருக்குச் சாதாரணமாகவே கழிந்தது. 2016 கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல் அடித்தார். புல்டாக்ஸ் 1954-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரீமியர்ஷிப் வென்றது. 2019-இல், 23 வயதில் ஓய்வு பெற்றார். ‘ஒரு கொடிக்காக (பிரீமியர்ஷிப்புக்காக) எதையும் கொடுக்கலாம்’ என்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுவதில்லை. அந்த ஒரு மாலையின் வெளிச்சம் பட்டு 2015-ஆம் ஆண்டு நல்ல சீசனாக மாறிவிடாது. உயரமான முன்வரிசை ஆட்டக்காரர்கள் பக்குவப்படச் சில ஆண்டுகள் ஆகும் என்று சொன்னால் போதும்.

கேள்வி: விருதுகளை நம்பலாமா?

ஓரளவு நம்பலாம். சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்துக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் கள நடுவர்கள் 3, 2, 1 என்று வாக்களிக்கிறார்கள். கண்ணுக்கு எதிரே பந்தோடு அலையும் மிட்ஃபீல்டர்களுக்கே அது பெரும்பாலும் போகும். பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு ஜீலாங்கில் தம் முதல் ஆண்டான 2016-இல் 35 வாக்குகளோடு அதை வென்றபோது யாருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் கிளப் மாறிய ஒரு தடுப்பு வீரரை அந்த அளவுகோலால் அளக்கவே முடியாது. அவருக்குக் கிளப்பே வழங்கும் சிறந்த வீரர் விருதின் பட்டியலைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பயிற்சியாளர்களே புள்ளியிடுகிறார்கள், கொடுத்த வேலை என்ன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: மெல்பர்னுக்குக் குடிவந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. பிள்ளைகளோடு எம்.சி.ஜி. மைதானத்துக்குச் செல்லும்போது புதிய வீரரிடம் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பந்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு அவரை மட்டும் பாருங்கள். தொலைக்காட்சி காட்டாத அந்த வசதி மைதானத்தில் உண்டு. மிட்ஃபீல்டர் என்றால், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுச் சதுரத்தில் ஓர் அணிக்கு நால்வர்தான் நிற்கலாம்; அந்த நால்வரில் அவர் எத்தனை தடவை இருக்கிறார், ரக்மேன் தட்டும் பந்தை நோக்கி முன்கூட்டியே அடியெடுத்து வைக்கிறாரா, விழுந்த பிறகு துரத்துகிறாரா என்று பாருங்கள். முன்வரிசை ஆட்டக்காரர் என்றால், அவர் காலியிடத்துக்கு ஓடும்போது பந்து வைத்திருப்பவர் தலை நிமிர்ந்து அவரைத் தேடுகிறாரா என்பது முக்கியம். ஏப்ரலில் அவர் மூன்று தடவை ஓடி மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பினால் அது பழக்கமின்மை. ஆகஸ்டிலும் அப்படியே இருந்தால் ஏதோ பொருந்தவில்லை. தடுப்பு வீரர் என்றால் கையைப் பாருங்கள்: பக்கத்தில் நிற்பவருக்கு யாரைப் பிடிப்பது என்று சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டால் அவர் குடியேறிவிட்டார்.

கேள்வி: கடைசியாக, எத்தனை ஆட்டங்கள் பொறுக்க வேண்டும்?

இப்போது ஓர் அணிக்குச் சீசனில் 23 ஆட்டங்கள், இறுதிச் சுற்று தனி. பத்து ஆட்டங்கள் வரை நான் எதையும் எழுதுவதில்லை. ஜோர்டன் டாசன் அடிலெய்டுக்கு வந்த 2022-இல், மூன்றாம் சுற்றிலேயே போர்ட் அடிலெய்டுக்கு எதிராக இறுதிச் சைரன் ஒலித்த பிறகு உதைத்த கோலால் அணியை வெல்ல வைத்தார். அன்றே ‘சிறந்த ஒப்பந்தம்’ என்று எழுதியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதற்குரிய ஆதாரம், அவர் கேப்டனாகிக் கிளப்பின் சிறந்த வீரர் விருதையும் பெற்ற 2023-இல்தான் வந்தது.