சார்ட்டர் பள்ளி சென்டரை மூடினால் என் மகனின் சேர்க்கை போய்விடுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகன் ஆறாம் வகுப்பு. அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் ஒரு சார்ட்டர் பள்ளியில் சேர்ந்து வீட்டிலிருந்தே படிக்கிறான். எங்கள் ஊரில் உள்ள அவர்களுடைய ரிசோர்ஸ் சென்டருக்கு (நேரில் போய்ப் படிப்புக்கு உதவி பெறும் இடம்) வாரம் இரண்டு நாள் போவான், ஸ்பீச் தெரபியும் அங்கேதான். பள்ளிக்கு அனுமதி கொடுத்தது இதே கவுண்ட்டியில் இருக்கும் வேறொரு சிறிய பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு). "சட்டப்படி சென்டரை மூடவேண்டும், வேறு பள்ளி பார்த்துக்கொள்வது நல்லது" என்று பள்ளியில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அன்புச் சகோதரி, சென்டரைப் பற்றிச் சொன்னது உண்மையாக இருக்கலாம். வேறு பள்ளி பார்க்கச் சொன்னதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. அவசரப்பட்டு எந்த விலகல் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அனுமதி தந்த மாவட்டத்தின் எல்லைக்குள்தான் சார்ட்டர் பள்ளி நடக்கவேண்டும் என்பது பொது விதி. ஆனால் பள்ளியிடமிருந்து மேற்பார்வைக் கட்டணம் வருகிறது என்பதற்காகச் சில சிறிய மாவட்டங்கள் அனுமதி கொடுத்தன, பள்ளிகளோ பக்கத்து மாவட்டத்தில் போய் சென்டர் திறந்தன. ஷாஸ்டா கவுண்ட்டியில் இப்படி எழுந்த வழக்கில், அதே கவுண்ட்டிக்குள் என்றாலும் எல்லை தாண்டி சென்டர் வைக்க முடியாது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு ஏபி 1507 என்ற மாநிலச் சட்டம், 2020 ஜனவரி 1 முதல், மிச்சமிருந்த முக்கிய விதிவிலக்குகளையும் நீக்கியது. தன் ஊரில் நடக்கும் பள்ளியைக் கேள்வி கேட்கும் உரிமை அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த போர்டுக்கு வேண்டும். அந்த வகையில் இது நியாயமான சட்டம் என்றே நினைக்கிறேன். அதன் சுமை உங்கள் மகன் போன்ற பிள்ளைகள் மேல் விழுவதுதான் வருத்தம்.

2020க்கு முன்பே நடந்துகொண்டிருந்த சென்டர்களுக்கு, பள்ளியின் அனுமதியைப் புதுப்பிக்கும் வரை அவகாசம் உண்டு. பெருந்தொற்றுக்குப் பிறகு பல பள்ளிகளின் அனுமதிக் காலத்தைச் சட்டமன்றம் நீட்டித்தது. அதனால்தான் பழைய சட்டத்தின் விளைவு உங்களுக்கு இத்தனை தாமதமாக வருகிறது. புதுப்பிக்கும்போதும் வழி அடைபடவில்லை: சென்டர் இருக்கும் மாவட்டத்திடம் எழுத்துபூர்வ சம்மதம் வாங்கலாம், அல்லது புதுப்பிப்பு மனுவை அந்த மாவட்டத்திடமே கொடுக்கலாம். உங்கள் பள்ளி கேட்டுப்பார்த்ததா? இதை எழுத்தில் கேளுங்கள். பள்ளியின் போர்டு கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, அங்கே போய் மற்ற பெற்றோரோடு சேர்ந்தும் பேசுங்கள்.

சேர்க்கை முற்றிலும் வேறு விஷயம். கட்டடம் எங்கே இருக்கலாம் என்பது ஒரு விதி, வீட்டிலிருந்து படிக்கும் மாணவர் எங்கே வசிக்கலாம் என்பது இன்னொரு விதி. இரண்டாவது விதி பள்ளியின் கவுண்ட்டியையும் அதை ஒட்டிய கவுண்ட்டிகளையும் அனுமதிக்கிறது. நீங்கள் அதே கவுண்ட்டி, எனவே சென்டர் போனாலும் மகன் தொடரலாம். இன்னொன்று, படிக்கிற பிள்ளையை வேறு பள்ளிக்குப் போகும்படி சார்ட்டர் பள்ளி எந்தக் காரணத்துக்காகவும் தூண்டக்கூடாது என்று 2019இல் ஒரு விதி வந்திருக்கிறது. மறுபடியும் அப்படிச் சொன்னால், அனுமதி தந்த மாவட்டத்திடம் புகார் கொடுக்கலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பீச் தெரபி. அது மகனின் ஐஇபியில் (சிறப்புக் கல்வி உதவி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம்) எழுதப்பட்டிருந்தால், சென்டர் மூடினாலும் பள்ளி அதை வேறு இடத்திலாவது தந்தே ஆகவேண்டும். ஐஇபி கூட்டம் கேட்டு இன்றே கடிதம் கொடுங்கள். கடிதம் கிடைத்து 30 நாட்களுக்குள் கூட்டம் நடத்தவேண்டும், ஆனால் கோடை விடுமுறை அந்தக் கணக்கில் சேராது.