கணவர் சம்பாதித்தால் உதவித்தொகை கிடையாதா?

கே: பி.ஏ. தமிழ் முடித்து, 2018-இல் பொன்னமராவதியில் இருந்தபோது புதுக்கோட்டை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன். இப்போது தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். வயது 31. கணவர் பலகாரப் பட்டறையில் நாள் கூலிக்குப் போகிறார். நாளுக்கு 350 ரூபாய். மாதம் 16 நாள் போல வேலை இருக்கும். "வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறாரே, உனக்கு அரசாங்கப் பணம் வராது" என்கிறார்கள். அப்படியா?
— வாசகி, தேவகோட்டை

ப: அப்படியில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்குக் கணவர் வேலையில் இருப்பது தடையே அல்ல. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டுவதுதான் தடை. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்: 350 ரூபாய், 16 நாள், 12 மாதம், ஆக 67,200. வரம்புக்குள் இருக்கிறீர்கள். ஆனால் இடைவெளி 4,800 ரூபாய்தான். தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் பட்டறையில் கூடுதல் நாள் வேலை இருக்குமே, அதையும் சேர்த்துக் கூட்டுங்கள். 14 நாள் கூடினாலே வரம்பு தாண்டிவிடும். மாமனார், மாமியார் உங்களோடு ஒரே குடும்ப அட்டையில் இருந்தால் அவர்கள் வருமானத்தையும் விசாரிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீங்கள் வீட்டில் தையலோ, மணகோலம் சுட்டு விற்பதோ செய்தால் அது சுயதொழில். சுயதொழில் செய்பவருக்கும் தனியாரிடம் சம்பளம் வாங்குபவருக்கும் இந்த உதவித்தொகை கிடையாது. எதையும் மறைத்து எழுதாதீர்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான்.

மற்ற நிபந்தனைகள்: பதிந்து 5 ஆண்டு முடிந்திருக்கவேண்டும். வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45-க்குள். முழுநேரப் படிப்பில் இருக்கக்கூடாது. தொலைநிலைக் கல்வி படிக்கலாம். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இல்லை. உங்களுக்குப் பட்டப்படிப்புக்கான தொகை மாதம் 600 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை 1,800 ரூபாயாக வங்கியில் விழும். அதிகபட்சம் 3 ஆண்டு. பிளஸ் டூ என்றால் 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300, தவறியவருக்கு 200.

உங்கள் விஷயத்தில் சிக்கல் வரக்கூடிய இடங்கள் வேறு. முதலாவது, பதிவைப் புதுப்பித்தது. 2018-இல் பதிந்தவர் 2021-இலும் 2024-இலும் புதுப்பித்திருக்கவேண்டும். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று உரிய காலத்தைத் தவறவிட்டால் பதிவு மூப்பு போய்விடும். பலர் இதில்தான் வாய்ப்பை இழக்கிறார்கள். துறையின் இணையதளத்தில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டு முதலில் அதைப் பாருங்கள். இரண்டாவது, மாவட்டம். பொன்னமராவதி புதுக்கோட்டையைச் சேர்ந்தது, தேவகோட்டை சிவகங்கையைச் சேர்ந்தது. பேச்சும் சாப்பாடும் ஒன்றுதான், அலுவலகம் வேறு. புதிய முகவரிச் சான்றுடன் பதிவை சிவகங்கைக்கு மாற்றிக்கொண்டு பிறகு விண்ணப்பியுங்கள். புதிதாகப் பதிந்துவிடாதீர்கள், பதிந்தால் 5 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். மூன்றாவது, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் அப்பா இனிஷியல், ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் கணவர் இனிஷியல் என்றிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மூன்றையும் ஒன்றாக்கிக்கொண்டு போங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும்.

படிவத்தை சிவகங்கை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வாங்கலாம், இணையதளத்திலும் எடுக்கலாம். வருமானப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்க் கொடுங்கள். பணம் வரத் தொடங்கியபின் ஆண்டுக்கொருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுபோகும். உதவித்தொகை வாங்குவதால் வேலைவாய்ப்புப் பதிவு ரத்தாகாது.

நாளுக்கு 800 ரூபாய் வாங்கும் கொத்தனார் 90 நாளில் இந்த 72,000-ஐத் தொட்டுவிடுவார். அதற்குமேல் ஒரு நாள் வேலைக்குப் போனாலே, அவர் மனைவி ஆண்டு முழுவதும் வேலை தேடிக்கொண்டிருந்தாலும் தகுதியில்லை. இந்த வரம்பை உயர்த்தியே ஆகவேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கே: கானாடுகாத்தானில் ஒரு தங்கும் விடுதியில் 4 ஆண்டு வேலை பார்த்தேன். சம்பளம் 14,600, ஈ.எஸ்.ஐ. பிடித்தார்கள். ஆள் குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். கணவருக்கு மாதம் 28,000 வருகிறது. எனக்கு ஏதாவது உண்டா?
— வாசகி, பள்ளத்தூர்

ப: மாநில உதவித்தொகை கிடைக்காது. ஆனால் ஈ.எஸ்.ஐ.யின் 'அடல் பீமித் வியக்தி கல்யாண்' திட்டத்தில் கணவர் சம்பளத்தை யாரும் கேட்கமாட்டார்கள். அது உங்கள் சம்பளத்தில் பிடித்த காப்பீட்டுக்கான உரிமை. 2 ஆண்டாவது காப்பீட்டில் இருந்திருக்கவேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பங்களிப்பு இருக்கவேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்.

கணக்கு இப்படி: 2 ஆண்டுச் சம்பளம் 3,50,400. அதை 730 நாளால் வகுத்தால் 480. அதில் பாதி 240. அதிகபட்சம் 90 நாளுக்கு 21,600 ரூபாய். வாழ்நாளில் ஒருமுறைதான். வேலை போய் 30 நாள் கழிந்தபின் ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் கோரிக்கை வையுங்கள். ஆதாரும் வங்கிக் கணக்கும் காப்பீட்டு எண்ணோடு இணைந்திருக்கட்டும். இடையில் வேலை கிடைத்தால் அதற்கு முந்தைய நாள்வரைக்கும் கிடைக்கும். இது அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இது இல்லை. ஆகவே, "நானே விலகுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள். ஆள் குறைப்பு என்றே எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் விலகிய தேதியை முதலாளி ஈ.எஸ்.ஐ. பக்கத்தில் ஏற்றினாரா என்றும் பாருங்கள். அது ஏறாதவரை நீங்கள் வேலையில் இருப்பதாகவே கணினி காட்டும்.

கே: என் தம்பி மாற்றுத்திறனாளி, பி.காம். படித்தவன். அவன் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, 11,000 வாங்குகிறார். விண்ணப்பிக்கலாமா?
— வாசகர், காரைக்குடி

ப: தாராளமாக. மாநில உதவித்தொகையில் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. பதிந்து ஓராண்டு ஆனால் போதும். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய், 10 ஆண்டுவரை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பொதுப் படிவத்தை நிரப்பிவிடாமல், மாற்றுத்திறனாளிகளுக்கான படிவத்தைக் கேட்டு வாங்கட்டும்.