மூன்றைப் 'பசு' என்றால் சிரிக்கிறவன்

கேள்வி: என் மகனுக்கு வயது 6. பெருமூளை வாதம். பேச்சு இல்லை, கையும் சொன்னபடி கேட்காது. பள்ளியில் கேட்டார்கள் என்று அசெஸ்மென்ட்டுக்குக் கூட்டிப்போனேன். அரைமணி நேரத்தில் 'கடுமையான அறிவுத்திறன் குறைபாடு, ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலை 4' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டைப் படித்த கணவர், 'இனி படிப்புக்கென்று அலைய வேண்டாம்' என்கிறார். பையன் சில சமயம் காரணமில்லாமல் சிரிப்பான். மாமியாரும் மகளும் பல்லாங்குழி ஆடும்போது, மூன்று முத்து இருக்கிற குழியை மாமியார் 'பசு' என்று அள்ளினால் அடக்க முடியாமல் சிரிப்பான். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், துறையூர்

பதில்: காரணமில்லாமலா?

ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால்தான் பசு, அதைத்தான் அள்ளலாம். மூன்றை அள்ளுவது அழுகுணி ஆட்டம். அதற்குச் சிரிக்கிறவனுக்கு மூன்றும் நாலும் வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டி வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்பதும் பிடிபட்டிருக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல், பாயில் படுத்தபடியே கற்றிருக்கிறான். நீங்கள் அதைக் குறையாக எழுதுகிறீர்கள்!

ஒருவேளை பாட்டியின் குரலுக்கும் முகத்துக்கும் சிரிக்கிறானோ? இன்று சாயங்காலமே பாருங்கள். பாட்டி வாயே திறக்காமல் ஒருமுறை நாலை அள்ளட்டும், ஒருமுறை மூன்றை. பையன் முகத்தைச் செல்போனில் எடுத்து வையுங்கள்.

அந்த அரைமணியில் கட்டையை அடுக்கு, படத்தைத் தொடு என்றுதானே கேட்டிருப்பார்கள்? அப்படியானால் அளந்தது அவனுடைய விறைத்த கையை. நிலை 4 என்பதும் புத்திக்குப் போட்ட மார்க் அல்ல. 1997-இல் வந்த ஜி.எம்.எஃப்.சி.எஸ்.ஸின் ஐந்து நிலைகள் உட்காருவது, நடப்பது, நகர்வதை மட்டுமே சொல்பவை. அந்த 4-ஐப் பார்த்து நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இடுப்பு எக்ஸ்ரே. நிலை 4 பிள்ளைகளில் பலருக்கு இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் விலகும்.

அவனை மேதை என்று நான் சொல்லவில்லை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. இவன் எந்தப் பாதி என்பது அந்தத் தாளில் இல்லை, அவ்வளவுதான்.

மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். முதலில் காதும் கண்ணும். பிறகு முதுகுக்குச் சாய்வும் காலுக்குப் பலகையும் உள்ள நாற்காலி, தூங்கி எழுந்து சாப்பிட்ட வேளை, இரண்டு மூன்று நாளாகப் பிரித்த சோதனை. படங்களை வைத்தால் கண்ணால் காட்டட்டும். அதற்கு முன், 'ஆமாம்' என்பதை அவன் எப்படிச் சொல்வான் என்று தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் அவனைக் கேட்டதே இல்லையா?

படிப்பை நிறுத்தும் அதிகாரம் உங்கள் கணவருக்குக் கிடையாது. 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதை விடுங்கள். 'கூட்டிப்போனேன்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், 'போனோம்' என்று இல்லை. பெற்றவன் வீட்டிலிருந்து தாளைப் படித்துத் தீர்ப்பு சொல்வது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த முறை பையனைத் தூக்கிக்கொண்டு அவர் வரட்டும்.

மாமியாரும் வரட்டும். பல்லாங்குழியை மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.